இரண்டு டவர்களுக்கு நடுவே: கம்பியில்லாத் தரவு லிங்க்கை அமைப்பதும் கண்காணிப்பதும்

பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களைக் கேபிள் இழுக்காமல் இணைப்பது இந்த அத்தியாயத்தின் வேலை. ஒரு முனையில் இணையமோ சர்வரோ இருக்கிறது. மறுமுனையில் ஒரு கிளை மருத்துவமனை, ஒரு பள்ளி, தோட்டத்து அலுவலகம், ஆலைக் கிடங்கு என ஏதோ ஒன்று. இரு பக்கமும் ஒவ்வொரு டிஷ் ஆண்டெனா. அவை ஒன்றையொன்று மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். தொழிலில் இதைப் பாயிண்ட் டு பாயிண்ட் என்பார்கள். பேச்சில் வெறும் லிங்க்.

கருவிகள் இன்று மலிவு. ஏணி, ஸ்பேனர், லேப்டாப், இரண்டு ரேடியோ இருந்தால் ஒரே நாளில் லிங்க் எழுந்துவிடும். அடுத்த மழைக்காலத்திலும், அதற்கடுத்த மின்வெட்டுக் காலத்திலும் அது ஓடிக்கொண்டிருக்குமா என்பதை முடிவு செய்வது இரண்டு விஷயங்கள்: எழுந்த நாளில் நீங்கள் எழுதி வைத்த எண்கள், அந்த எண்களோடு தினமும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஓர் ஆள் இருப்பது. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டையும் நோக்கியே நகர்கிறது.

தேனி கற்றுத்தந்தது

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2000களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் ஆய்வுக்குழு சாதாரண வைஃபை அட்டைகளையும் அதிகத் திறன் கொண்ட ஆண்டெனாக்களையும் பயன்படுத்தியது. ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் நோயாளி மையத்தில் உட்கார்ந்திருப்பார். தேனியிலிருக்கும் டாக்டர் வீடியோவில் அவரிடம் பேசுவார். ஐந்து மையங்களுக்காகப் பதினொரு ரேடியோ ரவுட்டர்கள் நின்றன. லிங்க்குகளின் நீளம் 1 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. சில ரவுட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரமுள்ள டவர்களில், மற்றவை மாடிக் கம்பங்களில். ஒன்று ஜவுளி ஆலையின் புகைபோக்கியிலேயே ஏறியது.

தூரம் முதலில் ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. வைஃபை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் ஓடுவதற்காக எழுதப்பட்ட விதி. ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோவினாடிகளே காத்திருக்கும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர்தான் போகும். 12 கிலோமீட்டர் போய்த் திரும்ப 80 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து அதே பாக்கெட்டை மறுபடி அனுப்புவார். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. பெர்க்லி குழு இந்த விதியை மாற்றி, இரு முனைகளுக்கும் நேரத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தது. வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாக 2007இல் வெளியிட்டது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி 382 கிலோமீட்டருக்கு வைஃபை லிங்க்கை எழுப்பிக் காட்டினார். தூரம் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துபோனது. இன்று மைக்ரோடிக், யுபிக்விட்டி, கேம்பியம் போன்ற நிறுவனங்களின் வெளிப்புற ரேடியோக்களில் இந்த நேரப்பங்கீடு உள்ளேயே இருக்கிறது. தூரத்தைச் சரியாகப் பதிவுசெய்வது மட்டும்தான் நம் வேலை.

தேனியில் தொடர்ந்து தொல்லை கொடுத்தது மின்சாரம். ஊர் மின்சாரத்தை அளந்தபோது 1,000 வோல்ட்டைத் தாண்டிய பாய்ச்சல்களும் பதிவாயின. பேட்டரி இறங்கி வோல்ட்டேஜ் தள்ளாடும்போது ரவுட்டர் பாதி உயிரோடு தொங்கிக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால் நினைவட்டை கெட்டுவிடும். அந்தக் குழு 2008இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ரேடியோவைவிட மின்சாரத்தையும் கண்காணிப்பையும் உள்ளூர் ஊழியர்களின் பயிற்சியையும் பற்றியே அதிகம் பேசியது. புதிதாக லிங்க் போடுகிற எவரும் இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும்.

பாதையைப் பார்த்தல்

இனி ஒரு மாதிரி லிங்க்கை எடுத்துக்கொள்வோம். தூரம் 12 கிலோமீட்டர், அதிர்வெண் 5.8 கிகாஹெர்ட்ஸ், நடுவே தென்னந்தோப்பும் வயலும்.

மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அலை ஒரு கோடாகப் போவதில்லை; இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த ஒரு வெளியாகப் போகிறது. இதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். நடுவில் அதன் ஆரத்தை இப்படிக் கணக்கிடலாம்: தூரத்தை (கிலோமீட்டரில்) அதிர்வெண்ணின் (கிகாஹெர்ட்ஸில்) நான்கு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 17.32ஆல் பெருக்குங்கள். நம் லிங்க்குக்கு 12.5 மீட்டர் வருகிறது. இதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது 7.5 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இதே பாதைக்கு 11.6 மீட்டர் தேவைப்படும்.

இதோடு பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். 12 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அது சுமார் 2 மீட்டர். தோப்பில் தென்னை 20 மீட்டர் உயரம் என்றால், 20 + 7.5 + 2: நடுப்பகுதியில் நம் கோடு தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். தரை சமமாக இருந்தால் இரு பக்கமும் 30 மீட்டர் டவர். ஒரு முனை மேட்டில் இருந்தால் செலவு பாதியாகலாம். அதனால்தான் இடத் தேர்வு முதலில் வருகிறது, கருவித் தேர்வு அதன் பின்னால்.

கூகுள் எர்த்தில் இரு முனைக்கும் கோடு போட்டு உயர வரைபடத்தைப் பாருங்கள். குன்று, கரடு எல்லாம் அதில் தெரிந்துவிடும். மரங்களையும், போன வருடம் எழும்பிய கல்யாண மண்டபத்தையும் அதில் நம்ப முடியாது. நடுப்பகுதிக்கு பைக்கில் போய்ப் பார்த்துவிடுங்கள். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இளந்தென்னைக்கு மேலே இரண்டு மீட்டர் இடைவெளியோடு போடப்பட்ட லிங்க் சில வருடங்களில் தோப்புக்குள் போய்விடும்.

டெசிபெல் கணக்கு

ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. காற்றில் இழக்கும் அளவை இந்தச் சூத்திரம் தரும்: 32.44 + 20 × லாக்(கிலோமீட்டர்) + 20 × லாக்(மெகாஹெர்ட்ஸ்). நம் லிங்க்குக்கு 12 கிலோமீட்டர், 5,800 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டால் 129 டெசிபெல்.

வரவுப் பக்கம், ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் மொத்த ஆற்றலுக்கு 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்திய விதியின் வரம்பு 36 டிபிஎம், அதாவது 4 வாட். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் ஈட்டம் சுமார் 29 டெசிபெல். ஆகவே ரேடியோ தரக்கூடியது 7 டிபிஎம் மட்டுமே. கேட்பதற்கு மிகச் சிறிய எண். ஆனால் மறுமுனையில் வாங்கும் டிஷ்ஷும் அதே 29ஐக் கூட்டிக் கொடுக்கும். அதற்கு யாரும் வரம்பு போடவில்லை.

36 − 129 + 29 − 1 = −65 டிபிஎம். கடைசி 1, கனெக்டரிலும் பொருத்தங்களிலும் போகும் இழப்பு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் இரைச்சலின் அடித்தளம் சுமார் −95. ஆக, சிக்னல் இரைச்சலுக்கு மேலே 30 டெசிபெல் நிற்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, பலவீனமான லிங்க்கைச் சரிசெய்ய ஆற்றலை ஏற்றாதீர்கள், டிஷ்ஷைப் பெரிதாக்குங்கள். பெரிய டிஷ் நன்றாகக் கேட்கும், பக்கத்து இரைச்சலைக் குறைவாக வாங்கும், அக்கம்பக்கத்து லிங்க்குகளையும் தொந்தரவு செய்யாது. இரண்டாவது, உச்ச வேகத்துக்கு 25 டெசிபெல் அளவு வேண்டும். மிகக் குறைந்த வேகத்துக்கு ஐந்தாறு போதும். எனவே 10 டெசிபெல் போனாலும் லிங்க் விழாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். வீடியோ திணறும், விளக்கு பச்சையாகவே இருக்கும். ‘லிங்க் இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு இந்த நோயைக் கடைசி வரை பிடிக்காது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. 5 கிகாஹெர்ட்ஸில் அடைமழையும் ஒரு சில டெசிபெலோடு நின்றுவிடும். 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகளின் கதை வேறு. அங்கே காற்றிலுள்ள ஆக்ஸிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெலைத் தின்றுவிடும். மழை அதற்கு மேல். ஒரு தெரு தாண்டும் லிங்க்குக்கு அது அருமையான கருவி. 12 கிலோமீட்டருக்கு வேண்டாம்.

சட்டமும் சேனலும்

2018இல் இந்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது: 5150–5350, 5470–5725, 5725–5875. உரிமம் வேண்டாம் என்பதற்கு நிபந்தனை இல்லை என்று பொருளில்லை. கருவிக்கு வயர்லெஸ் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவின் வகை அங்கீகாரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி ஆற்றல் வரம்பு உண்டு. உங்களுக்கு இடையூறு வந்தால் புகார் செய்து பாதுகாப்புக் கேட்க முடியாது. வாங்குமுன் நடப்பு விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். ரேடியோவில் நாட்டின் பெயரை ‘இந்தியா’ என்றே வையுங்கள். விமான நிலையத்துக்கு அருகில் கம்பம் நிறுத்துவதாக இருந்தால் உயர அனுமதியை முதலில் வாங்குங்கள்.

5600–5650 பகுதியைப் பல நாடுகளில் வானிலை ரேடார்கள் பயன்படுத்துகின்றன. ரேடார் சிக்னலைக் கேட்டால் விலகிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட ரேடியோ, சேனலை விட்டுவிட்டு வேறிடம் தேடும். அதுவரை லிங்க் நிற்கும். முக்கியமான லிங்க்குக்கு 5725க்கு மேலே இடம் தேடுவது நிம்மதி.

சேனலைத் தேர்வு செய்யும்போது இரு முனையிலும் அலைவரிசைத் தேடல் செய்யுங்கள். இரைச்சலின் அளவு முனைக்கு முனை மாறும். டவுன் பக்கத்து டவரில் நெரிசல் இருக்கும், கிராமத்து முனையில் ஒன்றும் இருக்காது. வாங்கும் முனையின் இரைச்சல்தான் அந்தத் திசையின் வேகத்தைத் தீர்மானிக்கும். சாயங்காலமும் ஒருமுறை தேடிப் பாருங்கள். காலையில் காலியாகக் கிடந்த சேனல், எல்லோரும் வீடு திரும்பிய பிறகு நிரம்பியிருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தேவை தீர்ந்தால் 40க்குப் போகாதீர்கள். அகலம் இரட்டிப்பானால் இரைச்சலும் 3 டெசிபெல் கூடும்.

கம்பம், கேபிள், எர்த்

டிஷ் காற்றை வாங்கும் பாய். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக வரும் காற்று, கம்பத்தை உடைக்காவிட்டாலும் சில டிகிரி திருகிவிடும்; லிங்க் போவதற்கு அது போதும். கம்பத்துக்குக் கனமான ஜி.ஐ. பைப் எடுங்கள். ஸ்டே கம்பிகளை 120 டிகிரி இடைவெளியில் மூன்று பக்கமும் கட்டுங்கள். டிஷ்ஷின் கிளாம்புக்குக் கீழே இன்னொரு கிளாம்பை இறுக்கி வைத்தால் டிஷ் இறங்காது. குறிபார்த்து முடித்ததும் கம்பத்திலும் பிராக்கெட்டிலும் ஒரே கோடாகப் பெயின்ட் அடையாளம் வையுங்கள். பின்னாளில் அது திரும்பியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.

கேபிள் வெளிப்புறத்துக்கான, கவசமிட்ட வகையாக இருக்கட்டும். உள்ளறைக் கேபிளை வெயில் ஓரிரு வருடத்தில் உரித்துவிடும். ரேடியோவிலிருந்து ஸ்விட்ச் வரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ரேடியோவுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாக விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியே உள்ள ஒவ்வொரு கனெக்டரையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். தண்ணீர் புகுந்த கனெக்டர் உடனே சாவதில்லை. மாதக்கணக்கில் டெசிபெல் டெசிபெலாகத் திருடும்.

கம்பம், ரேடியோ, கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் வைக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் மூன்றையும் ஒரே எர்த்தில் சேருங்கள். தனித்தனி எர்த் போட்டால் இடி விழும்போது அவற்றுக்கு இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் உங்கள் கருவிகளின் வழியாகவே பாயும். நேரடி இடியிலிருந்து எந்த ஏற்பாடும் முழுக் காப்புத் தராது. பக்கத்தில் விழும் இடிகளே அதிகம்; அவற்றிலிருந்து நல்ல எர்த் காப்பாற்றும்.

ஏறுபவருக்கு முழு உடல் பெல்ட், கீழே துணைக்கு ஓர் ஆள், அக்கம்பக்கத்தில் மின்கம்பி இல்லாத இடம். இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் டவரில் ஏற்றாதீர்கள். இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும்.

மின்சாரம்

ரேடியோ ஒன்று சுமார் 8 வாட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 192 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 240 வாட்-மணி. ஒரு நாள் தாங்கும். இரண்டு ரேடியோவும் ஸ்விட்ச்சும் உள்ள ரிலே முனைக்கு இந்தக் கணக்கை இரண்டரை மடங்காக்குங்கள்.

தேனி அனுபவத்தின் மிகப் பயனுள்ள பொருள், வோல்ட்டேஜ் குறைந்தால் சுமையை முழுவதுமாக வெட்டிவிடும் சின்னச் சுற்று. பேட்டரி 11.5 வோல்ட்டை நெருங்கும்போது அது ரேடியோவை ஒரேயடியாக அணைக்கும்; பேட்டரி ஏறியபின் மறுபடி இயக்கும். அரைகுறை வோல்ட்டேஜில் தொங்கிக் கிடப்பதைவிடச் சுத்தமாக அணைந்து எழுவது ரேடியோவுக்கு நல்லது. பல சோலார் சார்ஜ் கண்ட்ரோலர்களில் இது இருக்கிறது. மெயின் கரண்டில் ஓடும் முனையிலும் பேட்டரியை நடுவில் வைத்து ஓட்டினால், பாய்ச்சல் ரேடியோவைத் தொடுமுன் பேட்டரி வாங்கிக்கொள்ளும்.

குறிபார்த்தல்

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் கதிர் சுமார் 6 டிகிரி அகலம். 12 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 200 மீட்டர். எனவே கண்ணால் வைத்துத் தொடங்கி எண்ணால் முடிக்க வேண்டும்.

1. வரைபடத்திலிருந்து திசைக்கோணத்தை எடுங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 1–2 டிகிரிதான் விலகும். காம்பஸை இரும்பு டவரிலிருந்து தள்ளி நின்று பாருங்கள். திசையில் தெரியும் ஒரு மரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ குறித்துக்கொண்டு ஏறுங்கள்.

2. மேல்-கீழ்க் கோணம் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். 100 மீட்டர் உயர வித்தியாசமே இங்கே அரை டிகிரிதான்.

3. ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அசைய வேண்டும். இரு முனையிலும் ஆள் இருந்தாலும் போனில் சொல்லிவிட்டு மாறி மாறி அசையுங்கள்.

4. இடம்-வலமாக மெதுவாக முழுவதும் சுழற்றி, ரேடியோ காட்டும் சிக்னல் எண் ஏறி இறங்குவதைப் பாருங்கள். உச்சியில் நிறுத்துங்கள். பிறகு மேல்-கீழ். பிறகு மறுமுனை. மறுபடி முதல் முனை.

5. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போதே டிஷ் திரும்பும். எண்ணைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும்.

எண் கணக்கிட்டதைவிட 15–20 டெசிபெல் குறைவாக நின்றால், நீங்கள் முதன்மைக் கதிரை விட்டுப் பக்கக் கதிர் ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். அங்கும் ஓர் உச்சி இருக்கும், அது ஏமாற்றும். இன்னும் அகலமாகச் சுழற்றுங்கள். கணக்குக்கு 3–4 டெசிபெலுக்குள் வந்தால் திருப்தியாக இறங்கலாம். ரேடியோ அனுப்பும் கிடை, செங்குத்து இரு போலரைசேஷன்களின் எண்களும் 3–4 டெசிபெலுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவென்றால் கேபிளிலோ கனெக்டரிலோ கோளாறு.

முதல் நாள் தாள்

லிங்க் எழுந்ததும் எல்லோரும் இறங்கிக் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். அப்போது இன்னும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ரேடியோக்களுக்குப் பின்னால் உள்ள கணினிகளுக்கு இடையே ஐபெர்ஃப் என்ற மென்பொருளை வைத்து இரு திசையிலும் வேகத்தை அளங்கள். ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் வேகச் சோதனை, அதன் செயலியின் வேகத்தையும் சேர்த்து அளக்கும். ரேடியோ காட்டும் வேகத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அது இயல்பு. இரு திசைகளும் ஒரே சேனலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரவு முழுவதும் பிங் ஓடட்டும்.

பிறகு ஒரே தாளில் எழுதுங்கள்: தேதி, சேனல், அகலம், ஆற்றல், இரு முனையிலும் இரு போலரைசேஷனின் சிக்னல், இரைச்சல், இரு திசை வேகம், சராசரி பிங் நேரம், இழப்பு சதவீதம், பேட்டரி வோல்ட்டேஜ், டிஷ்ஷின் திசைக்கோணம். டிஷ்ஷிலிருந்து மறுமுனையை நோக்கி எடுத்த ஒரு போட்டோவும் வேண்டும். மரம் வளர்வதை அதுதான் பின்னாளில் சொல்லும். ஒரு நகல் ஒவ்வொரு முனையிலும் பெட்டியின் கதவுக்கு உள்ளே, இன்னொன்று அலுவலகத்தில்.

எதை, எப்படிக் கண்காணிப்பது

ஒரு சின்னக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் போதும். எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வழியாக ரேடியோக்களிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் கேட்டு வரைபடமாக்கும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. எளிமைக்கு எம்.ஆர்.டி.ஜி., பிங் வரைபடத்துக்கு ஸ்மோக்பிங், எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் லிப்ரெஎன்எம்எஸ் அல்லது ஸாபிக்ஸ். எஸ்.என்.எம்.பி.யின் கடவுச்சொல்லை ‘பப்ளிக்’ என்றே விட்டுவிடாதீர்கள்.

கேட்க வேண்டியவை: சிக்னல், இரைச்சல், மாடுலேஷன் வேகம், மறுமுயற்சி விகிதம், பிங் நேரமும் இழப்பும், ஈதர்நெட் பிழைகளும் அதன் வேகமும், ரேடியோ எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது, பேட்டரி வோல்ட்டேஜ். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்திருக்கட்டும். இல்லையென்றால் எது முதலில் கெட்டது என்று தெரியாது.

எச்சரிக்கையை முதல் நாள் தாளோடு ஒப்பிட்டு வையுங்கள். சிக்னல் 4 டெசிபெல் இறங்கி அரை மணி நேரம் நின்றால் ஓர் எச்சரிக்கை. இரைச்சல் 5 டெசிபெல் ஏறினால் ஒன்று. ஐந்து நிமிடம் தொடர்ந்து 2 சதவீதத்துக்கு மேல் பாக்கெட் தொலைந்தால் ஒன்று. பேட்டரி 11.8 வோல்ட்டில் ஒன்று. அதிகமாக வைத்தால் போன் ஓயாமல் அடிக்கும். ஒரு வாரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

லிங்க் விழுந்தால் மறுமுனையின் எண்களும் சேர்ந்தே மறையும். முடிந்தால் மறுமுனையில் மொபைல் டேட்டா மோடம் ஒன்றை வைத்து வேறு வழி ஒன்று திறந்துவையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வர முடியாத வலைகளுக்குத் தேனிக் குழு நல்ல முறையைக் கையாண்டது: மையம் போய்க் கேட்பதற்குப் பதிலாக, உள்ளூர்க் கருவியே நிலவரத்தை வெளி சர்வருக்கு அனுப்பும். எண் வராவிட்டால் அதுவே சேதி.

தூரத்திலிருந்து அமைப்பை மாற்றும்போது, மறுமுனையை முதலில் மாற்றுங்கள், நம் முனையை அப்புறம். மென்பொருள் புதுப்பிப்புக்கும் இதே வரிசை. குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் வசதி இருந்தால் அதை எப்போதும் பயன்படுத்துங்கள்.

எண்கள் சொல்லும் நோய்

சிக்னல் இரு முனையிலும் ஒரே அளவு சட்டென்று விழுந்தது, காற்று அடித்த நாள்: டிஷ் திரும்பியிருக்கிறது. பெயின்ட் கோட்டைப் பாருங்கள்.

சிக்னல் மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிறது: மரம் வளர்கிறது, அல்லது கனெக்டரில் தண்ணீர். மழைக்குப் பின் சில மணி நேரம் மோசமாகிப் பிறகு தேறினால் நனைந்த இலைகள்தான். ஒரே ஒரு போலரைசேஷன் மட்டும் இறங்கினால் கனெக்டர்.

சிக்னல் அப்படியே, ஒரு முனையில் இரைச்சல் ஏறியது, ஒரு திசையில் மட்டும் வேகம் குறைந்தது: அந்த முனைக்கு அருகில் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். மறுபடி அலைவரிசைத் தேடல், சேனல் மாற்றம்.

விடிகாலையில் மட்டும் ஏறி இறங்குகிறது, வெயில் ஏறினால் சரியாகிறது: குளிர்ந்த தரைக்கு மேலே காற்றடுக்குகள் அலையை வளைக்கின்றன. தண்ணீருக்கு மேலே போகும் பாதைகளில் இது அதிகம். ஒரு முனையின் டிஷ்ஷைச் சில மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

ரேடியோ எழுந்த நேரம் அடிக்கடி பூஜ்யமாகிறது: மின்சாரம். ரேடியோவை மாற்றுமுன் அடாப்டரையும் பேட்டரியையும் சோதியுங்கள்.

ரேடியோ எண்கள் எல்லாம் நலம், ஈதர்நெட் 10 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது அல்லது பிழை ஏறுகிறது: கேபிளும் அதன் முனைகளும். பல சமயம் டவரில் ஏறாமலே தீர்க்கக்கூடிய கோளாறு இது. முதலில் இதைப் பாருங்கள்.

கையளித்தல்

ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. தினமும் அங்கே இருப்பவராக, அந்த லிங்க்கை நம்பி வேலை செய்பவராக இருக்க வேண்டும். விளக்குகளின் அர்த்தம், ரேடியோவின் பக்கத்தைத் திறந்து சிக்னல் எண்ணைப் படிப்பது, அதைத் தாளோடு ஒப்பிடுவது, அடாப்டரை மாற்றுவது: இந்த நான்கையும் உங்கள் முன்னால் அவர் கையாலேயே செய்யட்டும். நீங்கள் செய்து காட்டினால் போதாது. அவரிடம் ஓர் உபரி அடாப்டர், ஓர் உபரிக் கேபிள், அமைப்புகள் ஏற்றித் தயாராக வைத்த ஓர் உபரி ரேடியோ மூன்றையும் விட்டுச் செல்லுங்கள்.

மாதம் ஒருமுறை அவர் எண்களை எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி முனைகளைத் துடைத்து இறுக்குங்கள். வருடம் ஒருமுறை, பருவமழைக்கு முன்பு, டவரில் ஏறி போல்ட், டேப், எர்த் கம்பி, ஸ்டே கம்பி எல்லாவற்றையும் பாருங்கள். அதே இடத்திலிருந்து போட்டோ எடுங்கள். எண்கள் நியாயமாக மாறியிருந்தால் தாளைப் புதுப்பியுங்கள்.

மறுமுனையில் ஒரு நோயாளி டாக்டரின் முகத்துக்காகக் காத்திருக்கலாம், ஒரு வகுப்பு பாடத்துக்காகக் காத்திருக்கலாம். ‘நெட் போயிடுச்சு’ என்று உங்களுக்கு வரும் அழைப்பு, ‘மறுமுனையில் சிக்னல் −65லிருந்து −73 ஆயிருக்கு, இரைச்சல் மாறலை, நேத்து ராத்திரி காத்து’ என்று மாறும் நாளில், அந்த லிங்க் அங்கிருப்பவர்களின் சொந்தமாகிவிட்டது. அதுவரை உங்கள் வேலை முடியவில்லை.